சிஆர்1009 சப்1 ஆர்என்ஏ-செக்: நெட்வொர்க் வந்துவிட்டது, சப்1ஏ ஜீனைத்தான் காணோம்

வயல்வரப்பு:

எல்லோருக்கும் வணக்கம். நான் மூலக்கூறு உயிரியல் பக்கத்து ஆள், கட்டளை வரியெல்லாம் இப்போதுதான் பழகுகிறேன், அதனால் கேள்வி நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெற்பயிர் முழுக்க மூழ்கும்போது எந்த ஜீன் எதை இயக்குகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. சிஆர்1009 என்ற நெல் ரகம், அதோடு வெள்ளம் தாங்கும் சப்1 பகுதியை அதில் ஏற்றிய சிஆர்1009 சப்1, இரண்டையும் தொட்டியில் வளர்த்து, பாதியை மூழ்கடித்து, மூன்றாம் நாள் இலை எடுத்து ஆர்என்ஏ-செக் (எந்த ஜீன் எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளக்கும் சோதனை) அனுப்பினோம். இரண்டு ரகம், மூழ்கியது ஒன்று மூழ்காதது ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று ரெப்ளிகேட், மொத்தம் 12 சாம்பிள். ரீட்ஸை (படித்து வந்த சின்னச் சின்னத் துண்டுகளை) ஹைசாட்2 என்ற புரோகிராம் வைத்து நிப்பான்பேர் என்ற ரகத்தின் ஜீனோமில் மேப் செய்தேன், டெசெக்2 என்ற புள்ளியியல் புரோகிராமில் வேறுபாடு காட்டிய ஜீன்களைப் பிரித்தேன், ஒவ்வொன்றுக்கும் முன்னால் உள்ள 2000 பேஸை (டிஎன்ஏ எழுத்தை), அதாவது ஜீனை இயக்கும் புரொமோட்டர் பகுதியை, எடுத்து ஒரு வெப்சைட்டில் போட்டு மோட்டிஃப் (கட்டுப்படுத்தும் புரதங்கள் ஒட்டும் சின்ன எழுத்து வரிசை) தேடினேன், அப்புறம் எந்த ஜீன் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்க்கும் டபிள்யூஜிசிஎன்ஏ, ஜீனி3 இரண்டையும் ஓட்டி நெட்வொர்க்கும் வரைந்தாயிற்று. படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கைடுக்கும் பிடித்துவிட்டது.

ஆனால் இந்த ரகத்தின் பெயரிலேயே இருக்கிற சப்1ஏ என் பட்டியலில் எங்குமே இல்லை. கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று சொல்லவில்லை, அப்படி ஒரு ஜீன் ஐடியே வரவில்லை. சப்1பி, சப்1சி இரண்டும் வருகின்றன. மோட்டிஃப் தேடலில் நேர்மாறான சிக்கல், எல்லா ஜீனிலும் எல்லாம் இருக்கிறது. ஒரே புரொமோட்டரில் வறட்சி, குளிர், காயம், நோய், வெளிச்சம் எல்லாவற்றுக்குமான எலிமென்ட் வந்து நிற்கிறது. நெட்வொர்க்கின் நடுவில் நிற்பது மிப் (MYB) குடும்பத்தைச் சேர்ந்த ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் (மற்ற ஜீன்களை இயக்கும் அல்லது அடக்கும் புரதம்), நூற்றுக்கணக்கான கோடுகள் அதிலிருந்து கிளம்புகின்றன. இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று எழுதலாமா, இல்லை குப்பையா? எனக்கு இருப்பது 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் ஒன்றுதான்.

கட்டளைவரி:

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நிப்பான்பேரில் சப்1ஏ கிடையாது. நிப்பான்பேர், நெல்லின் ஜப்பானிக்கா, இண்டிக்கா என்ற இரண்டு பெரிய பிரிவுகளில் ஜப்பானிக்காவைச் சேர்ந்த ரகம், 2005-இல் வெளியான ரெஃபரன்ஸ் ஜீனோம் அதனுடையது, நாம் எல்லோரும் பழக்க தோஷத்தில் அதையே எடுக்கிறோம். ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள சப்1 இடத்தில் ஜப்பானிக்காவில் சப்1பி, சப்1சி இரண்டுதான் உண்டு. இண்டிக்கா ரகங்கள் சிலவற்றில்தான் மூன்றாவதாக சப்1ஏ இருக்கிறது. வெள்ளத்தைத் தாங்கும் வடிவம் ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து வந்தது, 2006-இல் டேவிட் மெக்கில், பமீலா ரொனால்ட் குழுக்கள் நேச்சரில் எழுதினார்கள். ரெஃபரன்ஸில் இல்லாத ஜீனை எந்த மேப்பரும் கண்டுபிடித்துத் தராது, எரர் மெசேஜும் வராது. அதனுடைய ரீட்ஸில் ஒரு பங்கு எங்கும் ஒட்டாமல் வெளியே போயிருக்கும், இன்னொரு பங்கு, முக்கியமாக சப்1 ஜீன்கள் சேர்ந்த இஆர்எஃப் என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் குடும்பத்துக்குப் பொதுவான டிஎன்ஏ பிடிக்கும் பகுதியிலிருந்து வந்தவை, சப்1பி மேலோ சப்1சி மேலோ போய் ஒட்டியிருக்கலாம். அதனால் அந்த இரண்டுக்கும் உங்களுக்கு வந்திருக்கும் எண்களையும் இப்போதைக்கு நம்பாதீர்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, ஐஆர்64 மாதிரி துண்டுகளை நன்றாகக் கோத்து முடித்த இண்டிக்கா ஜீனோமுக்கு மாறுவது. இது முறையான வழி, ஆனால் அங்கே ஜீன் ஐடி எல்லாம் வேறு, நிப்பான்பேர் ஜீன்களுக்கு உள்ள ராப், எம்எஸ்யு ஐடிகளோடு பொருத்துவதற்கே தனியாக உட்கார வேண்டும். இரண்டாவது, உங்கள் லேப்டாப்புக்கு ஏற்றது: நிப்பான்பேர் டிரான்ஸ்கிரிப்ட் (ஜீனின் ஆர்என்ஏ பிரதி) ஃபைலில் சப்1ஏ சீக்வென்ஸை ஜென்பேங்க் என்ற பொது டேட்டாபேஸிலிருந்து எடுத்து ஒரு கூடுதல் டிரான்ஸ்கிரிப்டாகச் சேர்த்துவிட்டு, ரீட்ஸை எண்ணும் இலகுவான புரோகிராமான சால்மனை ஓட்டுங்கள். ஜீனோமை டிகாயாக (தவறான இடத்தில் ஒட்டக்கூடிய ரீட்ஸை இழுத்துக்கொள்ளும் பொறியாக) கொடுக்க மறக்காதீர்கள். நெல் ஜீனோம் 40 கோடி பேஸுக்குள்தான், 16 ஜிபி தாராளம்.

இதில் ஒரு போனஸும் உண்டு. தாங்கும் வடிவமான சப்1ஏ-1, தாங்காத வடிவமான சப்1ஏ-2, இரண்டுக்கும் புரதத்தில் முக்கியமான வேறுபாடு 186-ஆவது அமினோ அமிலத்தில். தாங்குவதில் செரின், தாங்காததில் புரோலின். கோடிங் சீக்வென்ஸில் அது 556-ஆவது பேஸ், சி இருந்தால் புரோலின், டி இருந்தால் செரின். சப்1ஏ சீக்வென்ஸ் மேல் ரீட்ஸை மேப் செய்து ஐஜிவி என்ற ஜீனோம் பார்க்கும் மென்பொருளில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். சப்1 ரகத்துச் சாம்பிளில் ஒன்று விடாமல் டி வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ டியூப் மாறியிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் நெட்வொர்க் வரைந்து பிரயோஜனம் இல்லை. மூழ்காத சாம்பிள்களில் இந்த ஜீனின் ரீட்ஸ் கொஞ்சமாகத்தான் இருக்கும், அங்கே ஒன்றும் தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம்.

சராசரி:

மோட்டிஃப் விஷயம். இதை ஒருமுறை பேப்பரும் பேனாவும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த வெப்சைட் பட்டியல்களை வைத்து எழுதப்பட்ட பாதி பேப்பர்களை நீங்கள் மூடி வைத்துவிடுவீர்கள்.

ஜி-பாக்ஸ் என்ற மோட்டிஃப் ஆறு எழுத்து, சிஏசிஜிடிஜி. நான்கு எழுத்தும் சம அளவில் கலந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்துச் சொல் 4096 இடத்துக்கு ஒருமுறை தற்செயலாக வரும். இந்தச் சொல் எதிர் இழையில் படித்தாலும் அதேதான் என்பதால் இரட்டிப்பு வேண்டாம். 2000 பேஸுக்குச் சராசரி 0.49. அதாவது எந்தக் காரணமும் இல்லாமலே பத்தில் நான்கு ஜீனுக்கு ஜி-பாக்ஸ் இருக்கும். டபிள்யூ-பாக்ஸ் டிடிஜிஏசி, அதற்குப் பின் ஆறாவது எழுத்தாக சி அல்லது டி. இரண்டு இழையும் சேர்த்தால் 2000 பேஸுக்கு ஏறக்குறைய இரண்டு. சில பழைய டேட்டாபேஸ்களில் டபிள்யூ-பாக்ஸைப் பிடிக்கும் டபிள்யூஆர்கேஒய் என்ற ஃபேக்டர் குடும்பத்துக்கான இடம் என்று டிஜிஏசி என்ற நான்கே எழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது ஒவ்வொரு புரொமோட்டரிலும் சராசரி 15 தடவைக்கு மேல் வரும். இதை வைத்து "இந்த ஜீனின் புரொமோட்டரில் நோய் எதிர்ப்பு எலிமென்ட்கள் காணப்பட்டன" என்று எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் அதில் தகவலும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி "இருக்கிறதா" என்பது இல்லை, "எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கிறதா" என்பது. கூடிய ஜீன்களின் புரொமோட்டர்களை ஒரு பக்கம் வையுங்கள், மறுபக்கம் உங்கள் இலையில் வெளிப்பட்டும் மாறாமல் இருந்த ஜீன்களின் புரொமோட்டர்களை வையுங்கள். மொத்த ஜீனோமையும் மறுபக்கத்தில் வைக்காதீர்கள், இலையில் வேலையே செய்யாத ஜீன்கள் கணக்கைக் கெடுக்கும். மீம் என்ற மோட்டிஃப் புரோகிராம் தொகுப்பில் ஏஎம்இ என்று ஒன்று இருக்கிறது, தெரிந்த மோட்டிஃப்களுக்கு அது போதும், புதிதாகத் தேட ஸ்ட்ரீம். வெறும் எழுத்துச் சொல்லுக்குப் பதில் ஜாஸ்பர், சிஸ்-பிபி, பிளான்ட்டிஎஃப்டிபி மாதிரி இடங்களில் உள்ள எடை அட்டவணைகளை (எந்த இடத்தில் எந்த எழுத்து எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற கணக்கு) எடுங்கள்.

நெல்லுக்கென்று ஒரு தலைவலி தனியாக உண்டு. புல் குடும்பத்துச் செடிகளில் நிறைய ஜீன்களுக்குத் தொடக்கப் பகுதியில் ஜி-யும் சி-யும் கூடுதல். இஆர்எஃப் பிடிக்கும் ஜிசிசி-பாக்ஸ் என்பதே ஜிசிசிஜிசிசி, அதில் வேறெழுத்தே இல்லை. ஒப்பிடும் தொகுப்பின் ஜிசி அளவும் பொருந்தாவிட்டால் இஆர்எஃப் மோட்டிஃப் "மிக அதிகம்" என்று பொய்யாக வரும், நீங்களும் சப்1ஏ ஒரு இஆர்எஃப்தானே என்று சந்தோஷப்பட்டுவிடுவீர்கள். இது நடக்கிற விஷயம்தான், ரெவ்யூவுக்கு வரும் கட்டுரைகளில் பார்க்கிறேன்.

நியூரான்_நண்பன்:

நான் ஐடி ஆள், உயிரியல் பிளஸ் டூவோடு சரி. ஆனால் ஒரு சந்தேகம். மோட்டிஃப், அட்டவணை என்று ஏன் இன்னும் கஷ்டப்பட வேண்டும்? இப்போதுதான் செடி ஜீனோம்களில் பயிற்சி கொடுத்த லாங்குவேஜ் மாடல்கள் வந்துவிட்டனவே. புரொமோட்டர் சீக்வென்ஸைக் கொடுத்தால் எந்த ஜீன் எவ்வளவு வெளிப்படும் என்று நேரடியாகச் சொல்லாதா?

சராசரி:

@நியூரான்_நண்பன் நல்ல கேள்வி, முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். 2021-இல் ஹோரெஸ் குழு செய்த வேலை எனக்குப் பிடித்தது. ஆய்வுக்கூடச் செடியான அராபிடாப்சிஸ், சோளம், மக்காச்சோளம் மூன்றின் மையப் புரொமோட்டர்களை ஆயிரக்கணக்கில் செயற்கையாகச் செய்து, புகையிலை இலையிலும் மக்காச்சோளப் புரோட்டோபிளாஸ்டிலும் (சுவர் நீக்கிய செல்) போட்டு ஒவ்வொன்றின் பலத்தையும் அளந்து, அதில் மாடல் பழக்கி, மாடல் சொன்னபடி புரொமோட்டரை மாற்றி மறுபடி அளந்தார்கள். அதாவது மாடல் சொன்னதைச் செடியில் சோதித்தார்கள். அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சாதாரணமாக நடப்பது வேறு. செடிகளில் ஜீன் குடும்பங்கள் பெரியவை, ஜீனோமே பலமுறை இரட்டிப்பானவை. பயிற்சிக்கு ஒரு ஜீன், சோதனைக்கு அதன் உடன்பிறப்பு என்று தெரியாமல் பிரித்துவிட்டால் மாடல் ஒழுங்குமுறையைக் கற்றுக்கொள்ளாது, குடும்பத்தை மனப்பாடம் செய்துவிடும், மார்க்கும் பிரமாதமாக வரும். வாஷ்பர்ன் குழு 2019-இல் மக்காச்சோளத்தில் இதைத்தான் எடுத்துச் சொல்லி, குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்கள். யாராவது 90 சதவீதத் துல்லியம் என்றால் முதலில் எப்படிப் பிரித்தீர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், இலையில் எது அதிகம் எது குறைவு என்று சொல்வது ஒரு வேலை, தண்ணீரில் மூழ்கினால் எது மாறும் என்று சொல்வது வேறு வேலை. சீக்வென்ஸ் மட்டும் தெரிந்த மாடலுக்குச் செடி தண்ணீருக்குள் இருக்கிறது என்று யார் சொல்வது?

ஈரக்கை:

நான் வெட் லேப். நீங்கள் எல்லோரும் ஃபைல் வந்த பிறகு நடப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்குச் சந்தேகம் தொட்டியில்.

மூழ்கிய செடியையும் மூழ்காத செடியையும் ஒரே மணிக்கு எடுத்தீர்களா? ஒன்றைக் காலை பத்து மணிக்கும் இன்னொன்றை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் எடுத்திருந்தால் உங்கள் பட்டியலில் பாதி கடிகார ஜீன்கள். 2008-இல் மைக்கேல் குழு அராபிடாப்சிஸில் கணக்கெடுத்தபோது, ஏதாவது ஒரு வெளிச்ச வெப்பச் சூழலிலாவது நாள்சுழற்சி காட்டும் டிரான்ஸ்கிரிப்ட்கள் 89 சதவீதம். அடுத்தது தண்ணீர். கலங்கிய தண்ணீரா தெளிந்ததா? கலங்கிய தண்ணீரில் செடிக்கு மூச்சும் இல்லை வெளிச்சமும் இல்லை, எதற்கு எந்த ஜீன் பதில் சொல்கிறது என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. நிழல் கட்டிய கன்ட்ரோல் ஒன்று வைத்திருந்தால் தெரியும்.

மூன்றாவது, அந்த மிப். எந்த மிப் என்று சொல்லவில்லை. மூன்று நாள் மூழ்கிய இலை பட்டினியில் இருக்கும், சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். நெல்லில் சர்க்கரை பற்றாக்குறைக்கென்றே மிப்எஸ்1 என்று ஒன்று உண்டு, ஆல்ஃபா அமைலேஸ் புரொமோட்டரில் டிஏடிசிசிஏ என்ற இடத்தைப் பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் முளைக்கும் விதையில் சிஐபிகே15, ஸ்னர்க்1ஏ என்ற சமிக்ஞைப் புரதங்கள் வழியாக அது வேலை செய்வதை 2009-லேயே காட்டிவிட்டார்கள். உங்களுடையதும் அதுவோ அதன் பங்காளியோ என்றால், அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று எழுதுவது சரியில்லை. அதோடு சப்1 ரகம் மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் என்பதுதான் அதன் சூட்சுமமே. அப்படியிருக்க இரண்டு ரகத்துக்கும் நடுவில் பட்டினி ஜீன்கள் வேறுபடுவது சப்1ஏ அவற்றைத் தொட்டதால் இல்லாமல், ஒன்று பட்டினியாகவும் இன்னொன்று அவ்வளவு பட்டினி இல்லாமலும் இருப்பதால் இருக்கலாம். மூன்றாம் நாள் ஒரே ஒரு புள்ளியை வைத்து இதைப் பிரிப்பது கஷ்டம். சில மணி நேரத்திலேயே எடுத்த சாம்பிள் ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வயல்வரப்பு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஈரக்கை அக்கா, எல்லாச் செடியையும் ஒரே நேரத்தில்தான் எடுத்தோம், காலையில். தண்ணீர் போர்வெல் தண்ணீர், தெளிந்ததுதான், ஆனால் மூன்றாம் நாள் பாசி கொஞ்சம் பிடித்திருந்தது. நிழல் கன்ட்ரோல் இல்லை.

கட்டளைவரி அண்ணா சொன்னபடி சப்1ஏ சேர்த்துச் சால்மன் ஓட்டினேன். வந்துவிட்டது! சப்1 ரகத்தில் மூழ்கியபோது நன்றாகக் கூடியிருக்கிறது, சப்1பி எண்ணும் முன்பைவிட இறங்கியது. 556-இல் சப்1 ரகத்துச் சாம்பிள் எல்லாவற்றிலும் டி. அந்த மிப் எது என்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், மிப்எஸ்1 இல்லை, ஆனால் குடும்பத்தில் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இப்போது சப்1ஏ-வை உள்ளே வைத்து ஜீனி3 திரும்ப ஓட்டினால் சப்1ஏ எதை எதை இயக்குகிறது என்று கிடைத்துவிடுமா?

கட்டளைவரி:

கிடைக்காது. கிடைத்த மாதிரி தெரியும், ஆபத்து அதில்தான் இருக்கிறது.

ஜீனி3 என்ன செய்கிறது என்றால், ஒவ்வொரு ஜீனாக எடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தை எல்லா டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களின் ஏற்ற இறக்கத்திலிருந்தும் ரேண்டம் ஃபாரஸ்ட் வைத்து ஊகித்துப் பார்க்கும், எது அதிகம் உதவியதோ அதற்கு அதிக மதிப்பெண் கொடுக்கும். கடைசியில் வருவது ஒரு தரவரிசை. எந்த டேட்டா கொடுத்தாலும் தரவரிசை வரும், வெறும் சீரற்ற எண்களைக் கொடுத்தாலும் வரும். இயக்குகிறதா அடக்குகிறதா என்றும் அது சொல்லாது. 12 சாம்பிள் என்கிறீர்கள், அதிலும் உண்மையான நிலைகள் நான்குதான், மீதி ரெப்ளிகேட். நான்கு நிலைக்கு நடுவில் ஒரே மாதிரி ஏறி இறங்கும் ஜீன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவற்றில் எது முதலாளி எது தொழிலாளி என்று எந்த அல்காரிதமும் பிரிக்காது. டபிள்யூஜிசிஎன்ஏ எழுதியவர்களே 15 சாம்பிளுக்குக் கீழே வேண்டாம் என்று அவர்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

நிறைய சாம்பிள் இருந்தாலும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, நெட்வொர்க் ஊகிக்கும் முறைகளைச் சோதித்த டிரீம்5 போட்டி ஒரு கணக்கு. 2012-இல் முடிவு வெளியானது, பல குழுக்கள், 30-க்கும் மேற்பட்ட முறைகள். ஜீனி3 முன்னணியில் வந்தது அதில்தான். கம்ப்யூட்டரில் செய்த டேட்டாவில் நன்றாக வந்தன, ஈ.கோலையில் ஓரளவு வந்தன, ஈஸ்ட்டுக்கு வந்ததும் எல்லா முறையும் படுத்துவிட்டன. நூற்றுக்கணக்கான சாம்பிளோடு, ஒரு செல் உயிரியிலேயே இந்தக் கதி. இலையில் எத்தனை விதமான செல் இருக்கிறது, நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்திருக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம் வெள்ளத்துக்கென்றே இருக்கிறது. நாம் அளப்பது ஆர்என்ஏ. ஆக்சிஜன் குறைவைச் செடி உணர்வது பெரும்பாலும் புரத மட்டத்தில். ஏழாம் குழு இஆர்எஃப்கள் என்று ஒரு கூட்டம், அராபிடாப்சிஸில் ராப்2.12 அதில் ஒன்று. ஆக்சிஜன் இருக்கும்போது அந்தப் புரதத்தின் முனை மாற்றப்பட்டு அழிந்துபோகும், ஆக்சிஜன் குறைந்தால் அழியாமல் நியூக்ளியஸுக்குப் போய் வேலையை ஆரம்பிக்கும். 2011-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின. அந்த ஜீனின் ஆர்என்ஏ எண்ணைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. ஆர்என்ஏ மாறாத ஒன்றை ஜீனி3 எப்படி முதலாளி என்று சொல்லும்? வேடிக்கை என்னவென்றால் சப்1ஏ அந்தக் குழுவைச் சேர்ந்ததாக இருந்தும் இந்த அழிவுக்குத் தப்பிவிடுகிறது, அதன் கட்டுப்பாடு எத்திலீன் என்ற ஹார்மோன் வழியாக ஆர்என்ஏ மட்டத்தில் பெரும்பாலும் நடக்கிறது. அதனால் உங்கள் டேட்டாவில் சப்1ஏ தெரியும், அதன் சொந்தக்காரர்கள் பலர் தெரிய மாட்டார்கள். 

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் நெட்வொர்க்கை ஓரமாக வைத்துவிட்டு டெசெக்2-வுக்குத் திரும்புவேன். இரண்டு ரகத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பட்டியல்களை வென் படத்தில் போட்டீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வேண்டாம். ரகம், மூழ்கல், இரண்டின் கூட்டு விளைவு என்று மாடல் கொடுத்து, அந்தக் கூட்டு விளைவில் தேறுகிற ஜீன்களை மட்டும் எடுங்கள். மூழ்கியதற்கு இரண்டு ரகமும் வேறு வேறு மாதிரி பதில் சொன்ன ஜீன்கள் அவைதான், உங்கள் கேள்வியும் அதுதான். பட்டியல் சின்னதாகிவிடும், வருத்தப்படாதீர்கள்.

பிறகு அந்த ஜீன்களைக் குரோமோசோம் வாரியாக வரைந்து பாருங்கள். சப்1 ரகத்தை உருவாக்கும்போது சப்1ஏ மட்டும் தனியாக வரவில்லை, எஃப்ஆர்13ஏ-வின் ஒரு துண்டாக வந்தது, பக்கத்து ஜீன்களும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஒன்பதாவது குரோமோசோமில் சப்1 இடத்தைச் சுற்றி ஒரு கொத்து தெரிந்தால் அந்த ஜீன்களைச் சந்தேகக் கணக்கில் வையுங்கள். அவை வேறுபடுவது சப்1ஏ இயக்கியதால் என்று சொல்ல முடியாது, அவற்றின் புரொமோட்டரே எஃப்ஆர்13ஏ-வினுடையது.

ஈரக்கை:

கட்டளைவரி சொன்னதோடு ஒன்று. தெரிந்த விடையை வைத்து முதலில் சோதியுங்கள். சப்1ஏ-1 நேரடியாக இயக்குவதாக 2019-இல் தைவான் குழு காட்டியது இஆர்எஃப்66, இஆர்எஃப்67 இரண்டையும். அவை உங்கள் கூட்டு விளைவுப் பட்டியலில் வருகிறதா? எஸ்எல்ஆர்1, எஸ்எல்ஆர்எல்1 என்ற ஜிப்பரெல்லின் (செடியை நீளச் செய்யும் ஹார்மோன்) தடுப்பான்கள் சப்1 ரகத்தில் கூடுவதால்தான் செடி நீளாமல் அடங்கி இருக்கிறது என்று ஃபுக்காவோவும் ஜூலியா பெய்லி-செரஸும் 2008-இல் எழுதினார்கள், அதில் கணிசம் புரத அளவு. தெரிந்த இந்த இலக்குகளே உங்கள் முறையில் மேலே வராவிட்டால், தெரியாத மிப்பை அந்த முறை சரியாகச் சொல்லும் என்று எதை வைத்து நம்புவது?

நியூரான்_நண்பன்:

சரி, அப்படியானால் பொது டேட்டா? எஸ்ஆர்ஏ என்ற பொதுக் களஞ்சியத்தில் நெல் ஆர்என்ஏ-செக் ஆயிரக்கணக்கில் கிடக்கிறதே, எல்லாவற்றையும் சேர்த்தால் 12 சாம்பிள் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

சராசரி:

தீரும், வேறு பிரச்சினை ஆரம்பிக்கும். வெவ்வேறு லேபின் டேட்டாவைக் கொட்டினால் மிகப் பெரிய வேறுபாடு வெள்ளமோ வறட்சியோ இல்லை, எந்த லேப், எந்தக் கிட், இலையா வேரா என்பதுதான். நெட்வொர்க் அதைத்தான் கற்றுக்கொள்ளும். வேர் ஜீன்கள் எல்லாம் ஒரு மாட்யூல், இலை ஜீன்கள் ஒரு மாட்யூல், அழகாக வரும். கொஞ்சமாக, தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் பயன் உண்டு. எம்202 என்ற ஜப்பானிக்கா ரகத்தையும் அதில் சப்1 ஏற்றிய ரகத்தையும் வைத்துச் செய்த வேலைகள் பல இருக்கின்றன, ஆர்என்ஏ-செக்குக்கு முந்தைய அளவீட்டு முறையான மைக்ரோஅரே வைத்துச் செய்தது 2010 வாக்கிலேயே வந்தது. அவற்றைக் கலக்காதீர்கள், தனியாக அலசி, உங்கள் பட்டியலில் உள்ள ஜீன் அங்கேயும் அதே பக்கம் போகிறதா என்று மட்டும் பாருங்கள். ரகப் பின்னணி வேறு, லேப் வேறு, அதையும் மீறி ஒத்துப்போனால் அதற்கு மதிப்பு அதிகம்.

மோட்டிஃபுக்கும் இப்படி வேறு ஒரு சாட்சி தேடலாம். 2018-இல் மாஹர் குழு அராபிடாப்சிஸ், தக்காளி, பயறு குடும்பத்து மெடிக்காகோ, நெல் நான்கின் வேர் நுனியிலும் அடாக்-செக் (டிஎன்ஏ சுருளாமல் திறந்து கிடக்கும் இடங்களைக் காட்டும் சோதனை) செய்தது, ஜீன்களுக்கு வெளியே உள்ள திறந்த குரோமட்டினில் பெரும்பகுதி ஜீன் தொடங்கும் இடத்துக்கு 3000 பேஸுக்குள் இருந்தது. நெல்லுக்கு 2000 பேஸ் எடுத்தது அதனால் பெரிய பிழை இல்லை. மக்காச்சோளத்தில் இதைச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள், அங்கே டிபி1 ஜீனின் கட்டுப்பாட்டுப் பகுதி ஏறக்குறைய 60,000 பேஸ் தள்ளி, ஒரு டிரான்ஸ்போசான் (இடம் மாறும் டிஎன்ஏ துண்டு) உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. 2019-இல் பெய்லி-செரஸ் குழு சயின்ஸில் எழுதியது இன்னும் பொருத்தம், வேரை மூழ்கடித்தே நெல், தக்காளி, மெடிக்காகோ மூன்றிலும் குரோமட்டின் பார்த்தார்கள். வேர் டேட்டா, உங்களுடையது இலை, அது ஒரு குறைதான். ஆனாலும் மூடிக் கிடக்கும் இடத்தில் உள்ள மோட்டிஃப்களைத் தள்ளிவிட்டால் பட்டியல் நிறைய இளைக்கும்.

டாப்-செக் பற்றியும் யாராவது சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஓமேலி குழு 2016-இல் அராபிடாப்சிஸின் 529 டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள் டிஎன்ஏ-வில் எங்கே ஒட்டுகின்றன என்று போட்டது பெரிய புதையல். அதில் உள்ள மோட்டிஃபைக் கடன் வாங்கலாம், ஒரே குடும்பத்தில் டிஎன்ஏ பிடிக்கும் பகுதி ஒத்திருந்தால் மோட்டிஃபும் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஆனால் இலக்கு ஜீன்களைக் கடன் வாங்காதீர்கள். அராபிடாப்சிஸில் எது எதை இயக்குகிறது என்பதை ஆர்த்தலாக் (ஒரே மூதாதை ஜீனிலிருந்து இரண்டு செடிக்கும் வந்த ஜோடி) அட்டவணை வைத்து நெல்லுக்கு மாற்றிப் போடுவது கோடுகளைக் கூட்டும், உண்மையைக் கூட்டாது.

வயல்வரப்பு:

கூட்டு விளைவு மாடல் போட்டேன். முதலில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த பட்டியல் சில நூறுக்கு வந்துவிட்டது. இஆர்எஃப்66, இஆர்எஃப்67 இரண்டும் இருக்கின்றன. மிப் இல்லை, அது இரண்டு ரகத்திலும் ஒரே மாதிரி கூடியிருக்கிறது. ஒன்பதாவது குரோமோசோமில் கொத்து ஒன்று நன்றாகவே தெரிகிறது.

ஆனால் கைடு நெட்வொர்க் படத்தை விட மாட்டேன் என்கிறார். கமிட்டியில் படம் இல்லாமல் "கம்ப்யூட்டேஷனல்" என்று எப்படிச் சொல்வது என்கிறார். என்ன செய்வது?

கட்டளைவரி:

மிப் போனது நல்லது, இரண்டு ரகத்திலும் கூடுகிற பட்டினி சமாச்சாரமாகத்தான் தெரிகிறது. சப்1ஏ-வுக்குக் கீழே வராது.

படம் வேண்டுமென்றால் போடுங்கள், சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் கோடு எதற்கு என்பதை மாற்றுங்கள். கூட்டு விளைவில் தேற வேண்டும், எம்202 டேட்டாவில் அதே பக்கம் போக வேண்டும், திறந்த குரோமட்டினுக்குள் ஜிசிசி-பாக்ஸ் மாதிரி இஆர்எஃப் இடம் இருக்க வேண்டும், ஒன்பதாவது குரோமோசோம் கொத்தில் இருக்கக் கூடாது. இந்த நான்கும் இருந்தால் மட்டும் சப்1ஏ-விலிருந்து ஒரு கோடு. 20, 30 கோடு வந்தால் அதிகம். ஜீனி3 படத்தைத் துணைப் பக்கத்துக்கு அனுப்புங்கள், கூடவே சாம்பிள் பெயர்களைக் கலைத்துப் போட்டு ஓட்டிய இன்னொரு ஜீனி3 படத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி அழகாக இருக்கும், உங்கள் கைடுக்கு நீங்கள் எதுவும் விளக்க வேண்டி வராது.

ஈரக்கை:

அந்த 20, 30-இல் மூன்றை எடுத்து நெல் புரோட்டோபிளாஸ்டில் லூசிஃபரேஸ் (புரொமோட்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒளியாகக் காட்டும் புரதம்) போட்டுப் பாருங்கள். புரொமோட்டர் முழுசாக ஒன்று, ஜிசிசி-பாக்ஸில் இரண்டு எழுத்து மாற்றியது ஒன்று, இரண்டையும் சப்1ஏ-1 உடன் சேர்த்து. மாற்றியதில் சிக்னல் விழுந்தால் ஒரு கோடு நிரூபணம். உங்கள் டிபார்ட்மெண்டில் புரோட்டோபிளாஸ்ட் செய்கிறவர்கள் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள், நாற்று பத்து நாள் வயதில் இளசாக இருக்கும்போதுதான் நன்றாக வரும், முற்றிய இலையை எடுத்துக்கொண்டு போனால் திட்டுவார்கள். சப்1ஏ குளோன் செய்யும்போது சப்1 ரகத்து டிஎன்ஏ-விலிருந்தே எடுங்கள், பழைய ஃப்ரீசர் பெட்டியில் கிடக்கும் பிளாஸ்மிடை நம்ப வேண்டாம், சீக்வென்ஸ் செய்து 556-ஐ மறுபடி பாருங்கள்.